பத்துப் பாடல்கள் நடந்துவந்த வழி: காட்டுமன்னார்கோயில் முதல் லால்பேட்டை வரை

‘வழி’ என்னும் சொல் தமிழில் பாதையைக் குறிக்கும்; முறையைக் குறிக்கும்; தலைமுறைத் தொடர்ச்சியையும் குறிக்கும். வழித்தோன்றல் என்கிறோம், வழிவழியாக வந்தது என்கிறோம். ஒருவர் கூறியதை மற்றொருவர் ஏற்று மீண்டும் கூறுதல் ‘வழிமொழிதல்’ ஆகும். நடத்தலுக்கும் கூறுதலுக்கும் ஓர் உறவு உண்டு என்பதை உணர்ந்தே நம் முன்னோர் இச்சொற்களை ஆக்கினர் போலும். அவ்வுறவை ஏட்டில் படிப்பதோடு அமையாமல் காலால் நடந்தும் அறியலாம் என்னும் எண்ணத்துடன், தமிழ்த்துறை மாணவ மாணவியர் இருபத்திரண்டு பேரும் ஆசிரியர் மூவருமாக, ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டுமன்னார்கோயில் சென்று சேர்ந்தோம்.

நாங்கள் நடந்த தொலைவு பெரிதன்று. வீரநாராயணப் பெருமாள் கோயில் வாயிலில் தொடங்கி, உடையார்குடி அனந்தீசுவரம் கண்டு, வீராணம் ஏரியின் கரையை ஒட்டி லால்பேட்டையை அடைந்தோம். விரைந்து நடப்பவருக்கு ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது. எங்களுக்கு அரை நாள் ஆயிற்று. குடந்தையிலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து தில்லைத் திருச்சித்திரகூடம் நோக்கிச் செல்லும் அடியார்களுக்கு இவ்வூர் இடைவழியில் அமைந்த ஊர். இன்று அணைக்கரை வழியாகப் பேருந்தில் வருவோர் கண்ணயர்ந்து எழுவதற்குள் கடந்துவிடும் இந்நிலப்பகுதியில்தான், தமிழிலக்கிய வரலாற்றின் பெரும் திருப்பம் ஒன்று நிகழ்ந்தது என்பது வைணவ மரபு.

எங்களுக்கு வழிகாட்டியவர் இவ்வட்டாரத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். தம் பெயரை எழுத வேண்டா என்று கேட்டுக்கொண்டார். ஆகவே ‘ஐயா’ என்றே ஈண்டுக் குறிக்கிறோம். கையில் குடை, தோளில் ஒரு துண்டு, சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று. அத்தாளை அவர் கடைசிவரை எடுத்துப் பார்க்கவே இல்லை.

வாயிலில் கேட்ட வரலாறு

எங்கள் குழுவில் பல சமயத்தவரும் இருந்தனர். கோபுர வாயிலை அடைந்ததும் மாணவர் சிலர் தயங்கி நின்றனர். உள்ளே செல்வதா, வெளியே நிற்பதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். அதனைக் கண்ட ஐயா, “உள்ளே போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள் தம்பி. மற்றவர்களோடு நான் இந்த நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்லப் போகும் செய்தி உள்ளேயும் அதுதான், வெளியேயும் அதுதான்” என்று கூறித் துண்டை விரித்து அமர்ந்தார். சென்றவர்கள் திரும்பிவரும் வரை அவர் வரலாற்றைத் தொடங்கவில்லை. எல்லாரும் கூடிய பின்னரே வாய் திறந்தார்.

முதலில் ஊர்ப்பெயர். வீரநாராயணன் என்பது சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் (907–955) விருதுப்பெயர்களுள் ஒன்று. அப்பெயரால் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்னும் ஊர் ஏற்பட்டது. ஏரியும் வீரநாராயண ஏரி எனப்பட்டு, நாவில் தேய்ந்து வீராணம் ஆயிற்று. கோயிலில் எழுந்தருளியுள்ள உற்சவர் மன்னனார் எனப் பெயர் பெற்றவர். காட்டுமன்னனார் கோயில் என்பதே காட்டுமன்னார்கோயில். தஞ்சைப் பகுதியிலுள்ள மன்னார்குடியை இராசமன்னார்குடி என்றும் இதனைக் காட்டுமன்னார்குடி என்றும் பிரித்துக் கூறுவது பழைய வழக்கு. “அங்கே இராசா, இங்கே காடு. காட்டில்தான் புதையல் இருந்தது” என்றார் ஐயா.

இனி, புதையலின் கதை. இவ்வூரில் ஈசுவர பட்டர் என்பவரின் மகனாகத் தோன்றியவர் அரங்கநாதர் என்னும் இயற்பெயருடைய நாதமுனிகள். வைணவ ஆசாரியர் வரிசையில் தமிழுலகுக்கு முதல்வர். அவர் பிறப்பைக் கி.பி. 824ஆம் ஆண்டை ஒட்டி மரபு கூறும். ஏரியும் ஊரும் பராந்தகன் காலத்தில் இப்பெயர் பெற்றன என்பதை நோக்கினால் அக்கணக்கு எளிதில் பொருந்துவதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியும் பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியும் அவர் வாழ்ந்த காலம் எனக் கொள்வார் பலர். நம் கட்டுரைக்கு அந்த அளவே போதும்.

ஒருநாள் இக்கோயிலுக்கு வழிநடைப் பயணிகள் சிலர் வந்தனர். தென்திசையினர் என்றும் மேல்நாட்டினர் என்றும் அவர்களை இருவகையாகக் கூறுவர். பெருமாள் திருமுன் நின்று அவர்கள் தமிழ்ப் பாடல்கள் சிலவற்றை ஓதினர். குடந்தையில் பள்ளிகொண்ட ஆராவமுதன் மீது நம்மாழ்வார் பாடிய பாடல்கள் அவை. திருவாய்மொழியின் ஐந்தாம் பத்தில் எட்டாம் திருமொழி. பத்து என்பது வழக்கு. எண்ணினால் பதினொன்று இருக்கும். அப்பதினோராம் பாடல் நூலின் கணக்கைத் தானே கூறிவிடுகிறது. இவை ஓராயிரம் பாடல்களுள் ஒரு பகுதி என்னும் குறிப்பு அதில் உண்டு. நாதமுனிகள் அதனைக் கேட்டார். “ஆயிரமும் உங்களுக்கு வருமா?” என்று வினவினார். “இவ்வளவே வரும்” என்றனர் பயணிகள்.

இவ்விடத்தில் ஐயா சற்று நிறுத்தினார். பின்பு, “பாட்டு நன்றாயிருக்கிறது என்று பாராட்டிப் பிரசாதம் கொடுத்து அனுப்பியிருக்கலாம் அல்லவா? அப்படி அனுப்பியவர்கள் எத்தனை ஊரில் எத்தனை பேரோ! இவர் ஒருவர்தான் மீதி எங்கே என்று கேட்டார்” என்றார்.

எங்கள் நடையின் பொருள் முழுவதும் இவ்வொரு கேள்வியில் அடங்கியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஆழ்வார் பாடல்கள் அக்காலத்தில் முற்றிலும் மறைந்துவிட்டன என்பது மரபுரை. எங்கள் கருத்தில் அவை மறையவில்லை, சிதறியிருந்தன. ஒருவர் நாவில் பத்து, மற்றொருவர் நாவில் பதினொன்று என ஊர்தோறும் கிடந்தன. அவற்றைச் சுமந்து திரிந்தவர்கள் புலவர்கள் அல்லர். பெயர்கூட அறியப்படாத வழிநடையாளர்கள். சுமந்தவர்க்குத் தாம் சுமப்பது இன்னதென்று தெரியாது, கேட்டவர்க்குத் தெரிந்தது.

மற்றொரு செய்தியும் நினைவுகூரத்தக்கது. வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளில் காட்டுமன்னார்கோயில் இடம்பெறவில்லை. ஆழ்வார்கள் பாடிய தலங்களே அவ்வரிசையில் சேரும். இவ்வூரின் மீது ஆழ்வார் பாடல் ஒன்றும் இல்லை. தனக்கெனப் பாடல் இல்லாத ஊரிலிருந்தே நாலாயிரம் பாடல்களுக்குமான தேடல் புறப்பட்டது.

நாற்பது நாள் கணக்கு

நாதமுனிகள் குடந்தைக்குச் சென்றார். அங்கும் அதற்கு மேல் கிடைக்கவில்லை. பாடலில் குருகூர் என்னும் ஊர்ப்பெயர் வருவதைப் பற்றிக்கொண்டு, தாமிரவருணிக் கரையிலுள்ள திருக்குருகூருக்கு, இன்றைய ஆழ்வார்திருநகரிக்கு, நடந்தார். சோழ நாட்டின் வட எல்லையிலிருந்து பாண்டி நாட்டின் தென்கோடி வரை ஒரு நூலின் எஞ்சிய பகுதிக்காக ஒருவர் நடந்தார் என்பதை நம் ஆராய்ச்சி மாணவர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். அங்கும் ஆயிரம் கிடைக்கவில்லை. மதுரகவியாழ்வார் வழிவந்த பராங்குசதாசர் என்பவர், தம்மிடம் எஞ்சியிருந்த ‘கண்ணிநுண் சிறுத்தாம்பு’ என்னும் பதினொரு பாடல்களை மட்டும் கொடுத்தார். அவற்றைப் பன்னீராயிரம் முறை ஓத, நம்மாழ்வாரே தோன்றி நாலாயிரத்தையும் அருளினார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி.

கணக்கில் ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் உடனே தம் குறிப்பேட்டில் பெருக்கிப் பார்த்தார். பதினொரு பாடல்களை ஒருமுறை ஓத இரண்டு நிமிடம் எனக் கொண்டால் பன்னீராயிரம் முறைக்கு இருபத்து நாலாயிரம் நிமிடம். அதாவது 400 மணி நேரம். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓதினால் நாற்பது நாள். “நாற்பது நாளா!” என்று மற்றொரு மாணவர் வியந்தார். நாற்பது நாள் தனித்திருந்து வழிபடும் மரபு சூபியரிடத்தும் உண்டென்பதை அறிந்த வியப்பு அது. ஐயா சிரித்துக்கொண்டே, “தெய்வச் செயலை நம்புகிறவர் நம்பட்டும். நம்பாதவரும் இந்த நாற்பது நாளை மட்டுமாவது நம்ப வேண்டும். அவ்வளவு உழைப்பில்லாமல் எந்த நூலும் திரும்பி வராது” என்றார்.

பாடல்களைப் பெற்ற நாதமுனிகள் ஏட்டில் எழுதி வைத்ததோடு நின்றுவிடவில்லை. நான்கு பகுதிகளாக வகுத்தார், இசையமைத்தார், தம் மருமக்களாகிய மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் இருவருக்கும் கற்பித்துப் பாடச் செய்தார். திருவரங்கம் முதலிய தலங்களில் அரையர்கள் பாடி நடிக்கும் மரபு அவ்வழியில் வந்தது என்பர். ஏடு செல்லரிக்கும், பாடுகிறவன் இறப்பான், பாடுகிறவனுக்குப் பின் ஒரு பாடுகிறவன் இருந்தால் பாட்டு இருக்கும். இக்கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

இதனைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எங்களுள் ஆசிரியர் ஒருவர் இசுலாமிய வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் நிகழ்ந்த யமாமா போரில், குர்ஆனை மனனம் செய்திருந்தோர் பலர் உயிர்நீத்தனர். இந்நிலை தொடர்ந்தால் என்னாகுமோ என்று உமர் (ரலி) அவர்கள் கவலையுற்றுக் கூற, கலீபா அபூபக்கர் (ரலி) அவர்கள் ஸைது இப்னு தாபித் (ரலி) அவர்களைத் தொகுக்கப் பணித்தார்கள். பேரீச்ச மட்டைகளிலிருந்தும், மெல்லிய கல் தகடுகளிலிருந்தும், மனிதர்களின் நெஞ்சங்களிலிருந்தும் அவர் திரட்டினார் என்பது ஹதீஸ் நூல் தரும் செய்தி. அதுபோன்றே, ஒரே ஒரு நபிமொழியை நேரில் கேட்டு உறுதி செய்துகொள்வதற்காக ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒட்டகம் ஒன்றை வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து, ஷாம் நாட்டிலிருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களின் வீட்டு வாயிலை அடைந்தார்கள். கேட்டதும் திரும்பினார்கள். நாதமுனிகளுக்குச் சற்று முற்பட்டவரான இமாம் புகாரி (810–870) புகாராவிலிருந்து மக்கா, மதீனா, பக்தாத், பசுரா, எகிப்து என அலைந்ததும் இதற்காகவே.

இவற்றை ஒன்றென்று கூறவில்லை. இறைமறையின் நிலை வேறு, அடியார் பாடல்களின் நிலை வேறு; நம்பிக்கைகளும் வேறு. யார் சொல்லி யார் கேட்டார் என்னும் தொடரைக் காக்கும் முறையில்தான் ஒற்றுமை உள்ளது. அறிவிப்பாளர் தொடரை நாம் ‘இஸ்னாத்’ என்கிறோம். அவர்கள் ‘குருபரம்பரை’ என்கின்றனர். தமிழ் இரண்டையும் ‘வழி’ என்கிறது.

கல்லில் எழுதியதும் கீரையில் எழுதியதும்

வாயிலிலிருந்து எழுந்து உடையார்குடிப் பக்கம் நடந்தோம். ஊரின் ஒரு பகுதியேயான இங்குள்ள அனந்தீசுவரம் என்னும் சிவன் கோயில், கல்வெட்டால் புகழ் பெற்றது. முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் அக்கல்வெட்டு, வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அரசன் விடுத்த ஆணையைக் கூறுகிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளான சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் உடைமைகளையும் அவர்தம் உறவினர் உடைமைகளையும் கைக்கொள்ளும்படி ஆணை அமைந்துள்ளது. கல்கி தம் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தை (1950–54) இந்த ஏரிக்கரையில், ஓர் ஆடிப் பதினெட்டில் தொடங்கியதை மாணவர் அனைவரும் அறிவர். ஆகவே கல்வெட்டைக் காண்பதில் அவர்களுக்கிருந்த ஆர்வம் நாதமுனிகள் கதையில் இருந்ததைவிட மிகுதி என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஐயா அதற்குச் சினக்கவில்லை. “நிலம் யாருக்கு என்பதைக் கல்லில் வெட்டினார்கள். பாட்டை ஏன் கல்லில் வெட்டவில்லை?” என்று மட்டும் கேட்டார். ஒருவரும் விடை கூறவில்லை.

அங்கிருந்து சாலைக்கு வரும்வரை ஆளவந்தார் கதையைக் கூறினார். நாதமுனிகளின் பேரர் யமுனைத்துறைவர். இளமையிலேயே அரசவை வாதில் வென்று, ஆளவந்தார் என்னும் பெயரும் அரசில் பாதியும் பெற்றுச் சுகமாக வாழ்ந்திருந்தார். பாட்டனார் தேடிச் சேர்த்த செல்வம் உய்யக்கொண்டார் வழியாக மணக்கால் நம்பியிடம் காத்துக் கிடந்தது. உரியவரிடம் அதைச் சேர்க்கவேண்டும். ஆனால் அரண்மனை வாயிலில் நம்பியை உள்ளே விடுவார் இல்லை. அவர் என்ன செய்தார்? மடைப்பள்ளிக்கு நாள்தோறும் தூதுவளைக் கீரை கொண்டுவந்து கொடுத்தார். ஆறு மாதம் கொடுத்தார். பிறகு ஒருநாள் நிறுத்தினார். இலையில் கீரை இல்லாததைக் கண்ட ஆளவந்தார் காரணம் கேட்க, கீரை கொண்டுவரும் முதியவர் வரவில்லை என்றனர். மீண்டும் வந்தால் அழைத்து வாருங்கள் என்றார். அழைத்து வந்தபோது நம்பி பொருள் ஒன்றும் கேட்கவில்லை; “உங்கள் பாட்டனார் தேடிவைத்த நிதி என்னிடம் உள்ளது, பெற்றுக்கொள்ள வேண்டும்” என்றார்.

நாதமுனிகள் செய்தது மீதியைக் கேட்டது. நம்பி செய்தது கேளாத செவியைக் கேட்க வைத்தது. இரண்டாவது வேலை கடினமானது என்பதை வகுப்பறையில் நிற்கும் எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஏரியும் கொடிக்காலும்

லால்பேட்டையை நெருங்கியபோது வெயில் ஏறியிருந்தது. ஏரிக்கரை மேல் ஏறினோம். வடக்குத் தெற்காகப் பதினைந்து கிலோமீட்டர் அளவில் நீண்டு கிடக்கும் வீராணம், தை மாதமாதலால் கண்ணுக்கெட்டிய தூரம் நீராக இருந்தது. அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே 1836ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட கீழணையிலிருந்து வடவாறு வழியாக இதற்கு நீர் வருகிறது. முழுக்கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, நீர்மட்டம் 47.5 அடி. ஏறத்தாழ 45,000 ஏக்கர் இதனால் விளைகிறது. மிகுதி நீர் லால்பேட்டை அருகே வெள்ளியங்கால் ஓடையில் கழிகிறது. 2004ஆம் ஆண்டு முதல் இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு குழாயில் சென்று சென்னை மக்களின் தாகத்தையும் தீர்க்கிறது. பராந்தகன் காலத்து ஏரியின் நீர் சென்னை வீடுகளின் குழாயில் வருவது எண்ணி மகிழத்தக்கதே. அந்நீருக்காகக் கடைமடை உழவர் கவலையுறும் ஆண்டுகளும் உண்டு என்றார் ஐயா.

இந்த ஏரிக்கு எழுபத்து நான்கு மதகுகள் இருந்தனவென்றும், இவ்வேரி நீர் எழுபத்து நான்கு வழியாகப் பாய்ந்து பயிரை வளர்ப்பது போலத் தம் நெறியும் பரவவேண்டும் என்று எண்ணியே இராமாநுசர் எழுபத்து நால்வரைத் தலைவர்களாக நியமித்தார் என்றும் ஒரு வழக்குண்டு. இன்று மதகுகள் அத்தனை இல்லை.

கரையிலிருந்து இறங்கியதும் கொடிக்கால்கள். லால்பேட்டை வெற்றிலை இவ்வட்டாரத்தில் பெயர் பெற்றது. அகத்தி மரங்களில் கொடி படர, உள்ளே வெயில் புகாத பச்சை இருட்டு. இவ்வூர் லால்கான் என்பவர் பெயரால் அமைந்தது என்பது ஊரார் வழக்கு. சிதம்பரத்திலும் அவர் பெயரில் தெரு உண்டு. நூறாண்டைக் கடந்த மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரி இவ்வூருக்குத் தமிழகமெங்கும் பெயர் தந்தது. இங்கு ஓதிப் பட்டம் பெற்ற ஆலிம்கள் பல ஊர்களில் இமாம்களாக உள்ளனர்.

லுஹர் பாங்கு ஒலித்தது. மாணவர்கள் பள்ளிவாசலுக்குச் சென்றனர். தொழாத மாணவர்களோடு ஐயா எதிரே தேநீர்க் கடையின் பலகையில் அமர்ந்தார். காலையில் அவர் கோபுர நிழலில் அமர்ந்த அதே அமர்வு. தொழுகை முடிந்ததும் சிறுவர்கள் குர்ஆன் மனனம் செய்யும் வகுப்பைச் சற்றே பார்க்க ஹஜ்ரத் ஒருவர் இசைந்தார். ஐயாவும் உடன் வந்தார். ஒரு சிறுவன் கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தான். உஸ்தாத் கையில் புத்தகம் இல்லை. ஓரிடத்தில் அவர் விரலைத் தூக்கினார். சிறுவன் நின்று, பின்வாங்கி, திருத்தி ஓதினான். வெளியே வந்தபின், “பிழை எழுத்தில் இல்லை ஹஜ்ரத், ஓசையில் அல்லவா பிடித்தீர்கள்?” என்று ஐயா கேட்டார். “என் உஸ்தாதும் அப்படித்தான் பிடித்தார்” என்றார் அவர்.

நம் வீட்டுப் பரண்கள்

இவ்விடத்தில் நம் சொந்த வீட்டைப் பற்றிச் சில கூறவேண்டும். தமிழில் முசுலிம் புலவர் இயற்றியனவாகக் கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையது ‘பல்சந்த மாலை’ என்பர். காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஆசிரியர் பெயர் கிடைக்கவில்லை. நூலும் கிடைக்கவில்லை. ‘களவியற் காரிகை’ உரையில் மேற்கோளாக வந்த எட்டுப் பாடல்கள் மட்டுமே எஞ்சின. நாதமுனிகளின் செவியில் விழுந்தது பதினொன்று. நம் கையில் இருப்பது எட்டு. மீதி எங்கே என்று நாம் எவ்வளவு தொலைவு நடந்தோம்?

நடந்தவர் இல்லாமல் இல்லை. உமறுப் புலவரின் ‘சீறாப்புராணம்’ ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களுடன் ஏடுகளில் சிதறிக் கிடந்தபோது, புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் அவர்கள் ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கி 1842ஆம் ஆண்டு அச்சேற்றினார்கள். 1973இல் திருச்சிராப்பள்ளியில் முதல் இசுலாமியத் தமிழ் இலக்கிய ஆய்வு மாநாடு கூடியபின் தேடல் வேகம் பெற்றது. நூல்கள் பல வெளிவந்தன. எனினும் அரபுத்தமிழ் ஏடுகள் இன்னும் பல வீடுகளின் பரணில் உள்ளன. தமிழை அரபு எழுத்தில், சில எழுத்துகளுக்குப் புள்ளிகள் கூட்டி எழுதிய அந்நூல்களை இன்றைய பிள்ளைகள் படிக்க அறியார். அரபி நூல் என்றெண்ணித் துணியில் சுற்றி மரியாதையாக வைத்துவிடுகின்றனர். மரியாதை கரையானுக்குத் தெரிவதில்லை.

கரையான் என்றதும் ஐயா கிழக்கே கையை நீட்டினார். அத்திசையில், சிதம்பரம் செல்லும் வழியில், திருநாரையூர் உள்ளது. நம்பியாண்டார் நம்பி பிறந்த ஊர். தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையைச் சோழ மன்னன் திறக்கச் செய்தபோது தேவார ஏடுகள் புற்று மூடிக் கிடந்தனவென்றும், எண்ணெய் சொரிந்து எஞ்சியவற்றை எடுத்து நம்பி தொகுத்தார் என்றும் திருமுறை கண்ட புராணம் கூறும். வைணவப் பாடல்களைத் திரட்டியவரும் சைவப் பாடல்களைத் தொகுத்தவரும் ஒரு நாள் நடைக்குள் அமைந்த இரண்டு ஊரினர் என்பது இம்மண்ணுக்குரிய தனிச் சிறப்பு. எஞ்சிய பாடல்களுக்கும் பண் தெரியவில்லை. இம்மாவட்டத்தைச் சேர்ந்த எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணே அப்பண்களை அறிந்திருந்தாள் என்று அப்புராணம் மேலும் கூறுகிறது. அவள் பெயர் அதில் இல்லை.

மாணவர்கள் பள்ளிவாசலில் இருந்த வேளையில் மாணவியர் அருகிலிருந்த ஒரு வீட்டில் தொழுதனர். திரும்ப அழைக்கச் சென்றபோது அவர்கள் வருவதாயில்லை. திண்ணையை ஒட்டிய அறையில், அவ்வீட்டின் முதியவரைச் சூழ்ந்து அமர்ந்திருந்தனர். எண்பது வயதுக்கு மேலிருக்கும். தொட்டிலில் பேரனின் குழந்தையை ஆட்டிக்கொண்டே அவர் பாடிய பாட்டைக் கேட்டு நின்றுவிட்டார்களாம். நபிகள் நாயகத்தின் அருமை மகளார் பாத்திமா நாயகியின் திருமணத்தைக் கூறும் பாட்டு. இழுத்து இழுத்துப் பாடினார். ஆறேழு கண்ணிகளுக்குமேல் செல்லவில்லை. முதலிலிருந்து மீண்டும் தொடங்கினார். அதே இடத்தில் நின்றார்.

“மீதி வராதா உம்மம்மா?” என்று மாணவி ஒருத்தி கேட்டாள்.

“என் உம்மாவுக்கு முழுக்க வரும். எனக்கு இவ்வளவுதான் தங்கிச்சு. கிதாபு இருந்துச்சு, அரபுத் தமிழில். அக்காவைக் கட்டிக்கொடுத்தபோது அதையும் சீரோடு பரங்கிப்பேட்டைக்குக் கொடுத்தனுப்பினார் அத்தா. அக்கா மௌத்தாகி இருபது வருசம் ஆச்சு. அவள் மகள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.”

வாசலில் பேருந்துக்கு நேரமாயிற்று என்று குரல் கேட்டது. அம்மாணவி எழவில்லை; குறிப்பேட்டைத் திறந்து, பரங்கிப்பேட்டையில் எந்தத் தெரு என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.